நுனி இலை எந்தப் பக்கம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றதிலேயே ரவிக்கை நனைந்துவிட்டது. யூகேஜி மதிப்பீட்டுத் தாள் பாதிக்கு மேல் பாக்கி.

தர்ஷினி பெயருக்கு நேரே எல்லாம் 'இல்லை'. எண்ணிக்கை இல்லை, இடது வலது இல்லை, பேச்சு இல்லை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. வகுப்பில் ஜூனிலிருந்து வாயே திறக்கவில்லை.

ஹெச்.எம்.: "வெள்ளிக்கிழமை அவங்கம்மாவ வரச் சொல்லிருக்கேன் டீச்சர். இன்னொரு வருஷம் யூகேஜியிலயே இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். மனசே சரியில்லை.

செவ்வாய்

மதியம் வாதாம் மரத்தடியில் கல்யாண விளையாட்டு. பொண்ணு மாப்பிள்ளை கிடையாது, நேரே பந்திதான். நம்ம ஊர்ப் பிள்ளைகள்! மணல் சோறு, செம்மண் சாம்பார், வேப்பிலைப் பொரியல். வாதாம் இலைதான் சாப்பாட்டு இலை.

பரிமாறுவது தர்ஷினி!

எதிரே நின்றபடி ஒவ்வொரு இலையையும் போடுகிறாள். நுனி, சாப்பிடுகிறவர்களுக்கு இடது பக்கம். கபிலன் திருப்பி வைத்தான். பேசாமல் குனிந்து சரிசெய்தாள். எதிரில் இருப்பவருக்கு இடது எது என்று நானே ஒரு கணம் யோசிக்க வேண்டும். வரிசையைப் பார்த்துவிட்டு, எத்தனை இலை குறைகிறதோ அத்தனையை மட்டும் பொறுக்கி வந்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பூரித்துப்போய்த் தாளும் பேனாவுமாக ஓடினேன். "தர்ஷினி, இடது கை எது, சொல்லு?"

இலையைக் கீழே போட்டுவிட்டு வராந்தாத் தூணோரம் போய் நின்றுகொண்டாள். பந்தி கலைந்தது.

கபிலன்: "என்ன மிஸ், நாங்க இன்னும் சாப்பிடவே இல்ல."

அறிவுகெட்டவள் நான்.

புதன்

தாள் மேசைக்குள். கேள்வியே கேட்பதில்லை என்று முடிவு. பந்தியில் கபிலன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தர்ஷினி வெகுநேரம் தூணோரமே. அப்புறம் மெதுவாக வந்து ஓர் இலை போட்டாள். வேண்டுமென்றே நுனியை வலது பக்கம் திருப்பினேன். என் கையை நகர்த்திவிட்டு, சரியாக வைத்தாள். "உப்பு இன்னும் வரலையே" என்று பொதுவாக முனகினேன். இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை மணல் வந்தது. அள்ளிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. சும்மா சாப்பிட்டேன்.

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "வெளையாட்டுக்கெல்லாம் மார்க் போட முடியுமா டீச்சர்?"

"ஒரு தடவ வந்து சாப்பிட்டுப் பாருங்க மேடம்."

வியாழன்

கேஸ் புக் பண்ண வேண்டும். பால். துணி சோப்பு.

பரவை மார்க்கெட்டில் காய் எடுக்கும் தம்பியிடம் சின்ன வாழையிலைக் கட்டு சொல்லியாயிற்று. "எம்புட்டு பேருக்குக்கா விருந்து?" என்றான். ஒரு பேருக்குத்தான் என்று சொல்லவில்லை.

வெள்ளி

தர்ஷினி அம்மா ஆபீஸ் வாசல் பெஞ்சில், முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தபடி. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஹெச்.எம். நிஜமாகவே பந்திக்கு வந்தார். மூட்டு வலியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாழையிலை வந்தது, நுனி சரியாக. உப்பு, பொரியல், சோறு, சாம்பார். எல்லாவற்றையும் கவனித்தார். "போதும்மா" என்று கையை ஊன்றி எழப்போனார்.

தர்ஷினி குச்சிக் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"எந்திரிக்காதீங்க மிஸ். இன்னும் பாயாசம் வரல."

ஹெச்.எம். மறுபடி சம்மணம் போட்டார்.

"டீச்சர், அவங்கம்மாவ இங்கயே கூப்பிடுங்க. ஒண்ணாங்கிளாஸ் பத்திப் பேசிருவோம்." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாயாசம் குடிச்சிட்டு."