டாக்டர் தோற்கட்டும்

திருவனந்தபுரம்,
28.10.1968

வள்ளியூரில் இருக்கும் அன்புத் தங்கை உச்சிமாகாளிக்கு, உன் வீட்டுக்காரனுக்கு அடுத்த கட்டிலில் இருக்கும் அழகியநம்பி எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இசக்கிப்பாண்டி இப்போது டி.பி. வார்டில்தான் இருக்கிறான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்; நடுவில் காணாமல் போயிருந்தான்.

சென்ற வாரம் டாக்டர் மாணவர்களோடு வந்து, அவன் கட்டிலருகே நின்று இங்கிலீஷில் பேசினார். போன வருஷம் இருமல் குறைந்ததும் மருந்தைப் பாதியில் விட்டவன், குடிக்கிறவன், எடை இறங்கியவன், இரண்டு நுரையீரலிலும் ஓட்டை. இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் குணமாவதில்லை என்றார். சாலை பஜாரில் கணக்கு எழுதுகிற எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். "என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்று கேட்டான். நல்லாயிரும் என்கிறார் என்றேன். "பொறவு ஏன் ஒங்க மொகம் செத்துப்போச்சு?" என்றான்.

ஜன்னலோரக் கட்டிலில் நாகேஸ்வரன் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியும் டாக்டர் இதையேதான் சொன்னார். அந்தக் கட்டில் காலியாகி ஒரு மாதமாகிறது. இன்னும் அங்கிருந்து இருமல் கேட்கிறது என்பான் இசக்கிப்பாண்டி. எனக்கும் கேட்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

டாக்டர் அப்படிச் சொன்ன மறுநாள் காலை ஊசி போட வந்தபோது இசக்கிப்பாண்டி இல்லை. தலையணைக்கடியில் விழுங்காத மாத்திரைகள் கிடந்தன. மலையாளத்துக்காரி நர்ஸ் ரோஸ் டூட்டி முடிந்ததும் ஆரியசாலைக்குப் போனாள். அவன் வேலை பார்த்த ஹோட்டலின் பின்புறம், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தானாம். சாகப்போகிறவனுக்கு மருந்து எதற்கு என்றானாம். "நீ ஓடினா டாக்டர் பறஞ்சது சரியாவும். நின்னு மருந்து குடிச்சா அவரு தோற்கும். தோற்கட்டே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டிருக்கிறாள். எழுந்து அவள் பின்னாலேயே வந்துவிட்டான். டாக்டர் மறுபடியும் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறந்து அவளிடம் காட்டுகிறான். ஆனால் ரத்தம் வருவது நிற்கவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. காய்ச்சல் வேகத்தில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். பிள்ளை நடக்கத் தொடங்கியாச்சா என்று என்னைக் கேட்கிறான். நடக்கிறான், ஓடவே செய்கிறான் என்று நானாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பிள்ளையை உன் அம்மையிடம் விட்டுவிட்டு வா. இங்கே குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். பொங்கல் கழிந்து வருவதாக எழுதியிருந்தாய். அவ்வளவு தள்ளிப்போடாதே, தங்கச்சி. இந்தக் கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறிவிடு.

நீ தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
அழகியநம்பி