நீ துளையிட்ட பிர்ச் மரம்

அன்புள்ள இர்மெலி,

நான் நலம். ஏரியில் பனி உருகிவிட்டது, படகுக்குத் தார் பூச வேண்டும். கசாக்ஸ்தான் வெயில் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதிலே எழுதவில்லை.

இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கத்தை அந்த ஜெர்போவா எலி தின்றுவிட்டது. தண்ணீரே குடிக்காதாம், இரவெல்லாம் தாவித் திரியுமாம். பிர்ச் மரத்தில் நான் வளர்க்கும் பூஞ்சை இருந்த இடத்தைவிட்டு நகராது, உன் எலி ஓரிடத்தில் நிற்காது என்று கேலி வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பூஞ்சை, தான் பிடித்த மரத்தோடு பல பத்தாண்டு குடித்தனம் நடத்தும். உன் எலி தன் வளையில் இன்னொன்றைச் சேர்க்காது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

படத்தில் எலி அழகுதான். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை உன் ஆராய்ச்சிக் கூட்டாளி எர்லானுடையது. உன் தலையில் இருக்கும் தொப்பியும் அவனுடையது. கூட வேலை செய்கிறவர்கள் தொப்பி மாற்றிக்கொள்வது சகஜம் என்று தெரிந்தும் வயிறு எரிகிறது. இப்போது இலையுதிர் காலம்வரை தங்கலாமா என்று கேட்கிறாய்.

சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளக்கும்போது பக்கத்து வீட்டு ஹில்க்கா வந்தாள். "எலி பிடிக்கப் போனவ உன்னையா நெனச்சிட்டிருப்பா? மரத்துல ஓட்டையப் போட்டுட்டு இன்னும் எத்தனை வருஷம் பாத்துட்டு நிப்ப, தௌனோ?" என்றாள். அவள் போனதும் ரம்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனேன். நாம் இருவரும் துளை போட்டுப் பூஞ்சை ஏற்றிய குச்சி செருகினோமே, அந்த பிர்ச்சுகளில் நீ துளையிட்ட முதல் மரத்தையே வெட்டினேன். நான்கு வசந்தம் ஆகியும் பட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. பூஞ்சை பிடிக்கவில்லை, விறகாகவாவது எரியட்டும் என்று நினைத்தேன்.

வெட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தேன். நீ செருகிய குச்சியைச் சுற்றி மேலும் கீழும் பழுப்பு ஓடியிருந்தது. பிடித்திருக்கிறது, இர்மெலி, நன்றாகவே பிடித்திருக்கிறது. வெளியில்தான் தெரியவில்லை.

அதை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. கொட்டகையில் கிடக்கிறது. மற்ற மரங்களைத் தொட மாட்டேன். ஹில்க்கா என்ன சொன்னாலும் சரி.

தங்க வேண்டுமென்றால் தங்கு. நடுவேனில் திருநாளுக்குச் சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ள, எப்போதும்போல பிர்ச் இலைக்கட்டு இரண்டு கட்டுவேன். உன்னுடையதை உலரவைத்து எடுத்து வைக்கிறேன்.

உன் நீலத் தொப்பியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எர்லானுடையதை அவனிடமே கொடுத்துவிடு. தலையில் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

உன்
தௌனோ