சீமாட்டியின் கிண்ணத்தில் பட்டாணி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இந்த வீட்டில் சுகமில்லாதவள் ஒருத்திதான், நீ எங்களிடம் விட்டுப்போன பூனை சீமாட்டி. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நீ கறியை விட்டாய், சரி, அது உன் வயிறு, உன் இஷ்டம். பூனையை யாரம்மா கேட்டது? பட்டாணியும் சோளமும் அரைத்த தீவனத்தை மூட்டை மூட்டையாக அனுப்பி, வேறு எதுவும் கொடுக்கக்கூடாது என்று அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொன்னாய். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், சிக்னலை மதித்தே பழகியவன், அதையும் மதித்தேன். ஒரு மீன் துண்டு போடப்போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். சீமாட்டி பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் அடுப்படியில் புகுந்து கோழித் துண்டைத் தூக்கி வந்தபோது, வேளாவேளைக்குப் போட்டும் திருட்டுப் புத்தியா என்று விளக்குமாற்றால் அடித்தேன். அம்மா விளக்குமாற்றைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள்.

போன மாதம் சீமாட்டி நாற்காலிக் காலில் போய் முட்ட ஆரம்பித்தாள். கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் தீவனப் பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "இது பூனை சார், ஆடு இல்ல. கறியில இருக்கிற சத்து இல்லாமதான் கண்ணு போயிருக்கு" என்றார். டாரின் என்று ஒன்றாம், பூனை உடம்பு அதைப் போதுமான அளவு தானாகச் செய்துகொள்ளாதாம், அந்தப் பையில் அது பேருக்குக்கூட இல்லை. போன பார்வை திரும்பாது, மிச்சப் பார்வையையும், இந்தக் குறையால் கெடக்கூடிய இதயத்தையும் காப்பாற்றலாம் என்றார். கண்ணின் அருமையை பஸ் ஓட்டிய எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? உடம்புக்குத் தேவையானதைத்தான் அவள் தேடிப் போயிருக்கிறாள், அதற்கு நான் அடித்திருக்கிறேன்.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மிச்ச மூட்டை உன் விலாசத்துக்கே வருகிறது, அவ்வளவு சத்தென்றால் நீயே சாப்பிடு. இனி டாக்டர் எழுதித் தந்த இறைச்சித் தீவனம்தான், மேலே கொஞ்சம் உப்பில்லாமல் வேகவைத்த கோழி. அடித்த கையாலேயே ஊட்டுகிறேன். முகர்ந்து பார்த்து யார் கை என்று தெரிந்துகொள்கிறாள், கொஞ்சம் பின்வாங்குகிறாள், பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருங்கள். வரும்போது வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டு வா, திடீரென்று தூக்காதே, பயந்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
உன் பேச்சை அப்படியே கேட்ட
அப்பா