அப்பாவின் கல்லறையில் நட்சத்திர மீன்

1998 அக்டோபர் 18, ஞாயிறு

பூசை முடிந்து அப்பா கல்லறைக்குப் போனேன், கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல்லைப் பிடுங்கிவிடலாம் என்று. போன வருஷம் அடித்த சுண்ணாம்பு மழையில் கரைந்தோடி, மேல்பலகை வெறும் கல்லாகக் கிடந்தது. அதில் நட்சத்திரங்கள்! உள்ளங்கை அகலத்தில், ஐந்தைந்து கைகளோடு, புடைத்துக்கொண்டு. ஒன்றுக்குக் கை வளைந்திருந்தது. இன்னொன்றுக்கு ஒவ்வொரு கைநுனியும் இரட்டை. கைகளின் குறுக்கே மயிரிழைக் கோடுகள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் நட்சத்திர மீன் நடத்துகிறவள் நான். எனக்கா தெரியாது?

கிதர் பாய் பட்டறையில் வாங்கிய கல். குஜராத்திலிருந்து லாரியில் வந்த மணற்கல் என்று அன்றைக்கே சொன்னார்.

அக்டோபர் 20

பள்ளி லேபில் ஃபார்மலின் பாட்டிலிலிருந்த நட்சத்திர மீனை எடுத்து ஈர மணலில் அழுத்தினேன். லேசாக நகர்த்தி மறுபடி அழுத்தினேன். பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்துத் திருப்பினால் — புடைத்த நட்சத்திரம், இரட்டை நுனி. அச்சு அசல்!

அப்படியானால் கல்லில் இருப்பது மீன் இல்லை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அது கடலடி மணலில் புதைந்து படுத்த பள்ளத்தின் அச்சு. நகர்ந்து மறுபடி படுத்திருக்கிறது. பள்ளத்தில் மேலேயிருந்து இறங்கிய மணல் கல்லாகி, அந்தக் கல்லின் அடியில் புடைப்பாக நிற்கிறது. குறுக்குக் கோடுகள் அதன் குட்டிக் கால்கள் கிளறியவை. என்றால் நமக்குத் தெரிவது கல்லின் அடிப்பக்கம். யார் திருப்பிப் போட்டது?

அக்டோபர் 25

எழுதியே தீரணும்.

பெலிக்ஸ் அண்ணன் கல்லறைக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்று கத்தினான். "அந்த பாய் வேணும்னே அவங்க கொடியில இருக்கற நட்சத்திரத்தைச் செதுக்கி எங்கப்பன் நெஞ்சு மேல வச்சிருக்கான்!" கோயம்புத்தூரில் குண்டு வெடித்ததிலிருந்து இவன் வாயில் இதே பேச்சுதான்.

"புடைச்சு நிக்குதுண்ணே. செதுக்கணும்னா கல்லு முழுசையும் சீவி எறக்கணும். எவன் செய்வான்?" என்றேன். கன்னத்தில் விட்டான் ஒன்று. காது இன்னும் ஙொய்யென்கிறது.

சாயங்காலம் ஆள் சேர்த்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருக்கிறான். கடப்பாரையால் பலகைகளை நொறுக்கியிருக்கிறார்கள். தடுக்க வந்த கிதர் பாய் முகத்தில் உடைந்த கல்லாலேயே அடித்திருக்கிறான். இடது கண். பாவி, பாவி.

அக்டோபர் 26

பெரியாஸ்பத்திரி. கண் போய்விட்டது. பாயின் மனைவி குர்ஷித் பேகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், கண்ணு போனது போகட்டும். செத்தவங்க கல்லறையில வெளையாடுனவருங்கிற பேரு வேணாம். அவரு செதுக்கலன்னு நீங்களாச்சும் சொல்லுங்க."

சொல்வேன். யாரிடம்? எங்கள் தெருவில் எவன் கேட்பான்?

வராந்தாவில் ராமர் நின்றிருந்தார், கல் பதித்த கொத்தனார். "வழவழப்பான பக்கத்தை மேல வச்சுத்தான் பாய் குடுத்தாரு டீச்சர். சுண்ணாம்பு பிடிக்கணும், சொரசொரப்பைத் திருப்பி மேல போடுன்னு உங்க அண்ணன்தான சொன்னாரு. மண்ணு அப்பிக் கெடந்துச்சு, அதுமேலயே சுண்ணாம்பு அடிச்சாச்சு, நட்சத்திரத்தை யாரும் பாக்கல."

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தி, மெழுகுவர்த்தி, சனம். நேற்றுதான் ஜாமீனில் வெளியே வந்த பெலிக்ஸ் சம்மட்டியோடு வந்தான். நான் கல்லுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளுடி!" முடியைப் பிடித்து இழுத்து எறிந்தான். பக்கத்துச் சிலுவையில் மோதி முட்டி கிழிந்தது. ஒருத்தரும் வரவில்லை. பலகையின் ஓரத்தில் அடிமேல் அடி. அப்பா மேல் விழுகிற மாதிரி இருந்தது எனக்கு.

கல் நொறுங்கவில்லை. ஏடாகப் பிளந்தது. மேல் ஏடு புரண்டு விழுந்தது. உள்ளே இன்னொரு நட்சத்திரம்! கீழே கிடந்த ஏட்டில் புடைப்பாக, புரண்ட ஏட்டில் பள்ளமாக. எந்த உளியும் எட்டாத இடத்தில்.

"இதையும் பாய்தான் செதுக்குனாராடா? கல்லுக்குள்ள பூந்து செதுக்குனாராடா? சொல்லுடா!" கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது. பங்குக் கோயில் சனமே குனிந்து பார்த்தது. அவன் அதற்கு மேல் சம்மட்டியை ஓங்கவில்லை.

நவம்பர் 3

சாட்சி சொல்வேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கூடப்பொறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பவாடி உன்னையப் படிக்க வச்சேன்?"

2000 மார்ச் 14

கோர்ட்டில் இரண்டு ஏட்டையும் பொருத்திக் காட்டினேன், பிரித்துக் காட்டினேன். "அண்ணனைவிட இந்தக் கல்லு பெருசாம்மா?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார். "பாயோட கண்ணு பெருசு" என்றேன்.

மூன்று வருஷம் போட்டார்கள். அம்மா என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

2002 நவம்பர் 2

பள்ளம் விழுந்த ஏடு கிதர் பாய் பட்டறை வாசலில் சாத்தியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "கல்லுக்குள்ள இருந்துச்சுங்க, நான் வைக்கல" என்று அவரே முந்திக்கொண்டு சொல்கிறார். யாரும் கேட்காமலே.

புடைத்த ஏடு கோர்ட்டிலிருந்து திரும்பி மறுபடி அப்பா மேலேயே இருக்கிறது. போன மாதம் வெளியே வந்த பெலிக்ஸ் காலையிலேயே போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கல்லறை முழுக்க வெள்ளை. நட்சத்திரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு கையைச் சுற்றியும் பார்த்துப் பார்த்து அடித்திருந்தான். ஒரு சொட்டு உள்ளே சிந்தவில்லை.

அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இப்ப பார்த்து என்னடா பிரயோசனம்?

மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, அவன் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.