அப்பாவோட ரெண்டு நாற்காலி

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கேன், முட்டி வலி அதும்பாட்டுக்கு இருக்கு, நான் என்பாட்டுக்கு இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் அங்க உடம்புக்கு ஒண்ணும் வராம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்னைக்கே தீர்த்துக்கிட்டு நல்லா இருக்கணும். இங்க எல்லாம் சௌக்கியம், என் மண்டையைத் தவிர. பத்து நாளா அது குழம்பிப் போய்க் கிடக்கு. போன்லயே சொல்லலாம்தான், ஆனா நீ நடுவுல நடுவுல பேசுவே, எனக்கு விட்டுப் போயிடும், அப்புறம் பயத்துல ஏதாவது பொய்யைச் சொல்லி வச்சிடுவேன். அதனாலதான் உட்கார்ந்து எழுதறேன். பொறுமையா முழுசும் படி, பாதியில போன் பண்ணாதே.

முதல்ல நீ அனுப்பின போட்டோ. அப்பாவோட கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, கீழே தள்ளுபடியில வாங்கின தொளதொள பேன்ட், காலுக்கு கேன்வாஸ் ஷூ, கையில என்னோட பழைய சாவி கொடுக்கிற வாட்ச். இதே சட்டையில அவர் உன் ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்தப்ப, மானம் போகுது, கேட்டுக்கு வெளியவே நில்லுங்கன்னு சொன்னவ நீதானே. பழசையும் மலிவான புதுசையும் கலந்து போடறது இப்ப பெரிய ரசனையாம், மாப்பிள்ளை போன்ல பாடம் எடுத்தார். நாங்க வேற வழியில்லாம காலம் முழுக்க அப்படித்தான் இருந்தோம், அதுக்கு ரசனைன்னு பேர்னு அப்ப யாரும் சொல்லலை. நல்லா இருக்கா இல்லையான்னு சத்தியமா எனக்குப் புரியலை, ஆனா நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அந்த ரூம். நீயே ஸ்க்ரூ முடுக்கி நிக்க வச்ச ஷெல்ஃப், பேப்பர் விளக்கு, பக்கத்துல ஒரு காலி இடம். அந்த இடத்துக்கு அப்பாவோட நாற்காலி வேணும், எல்லாம் புதுசா இருக்கிற வீட்டுல அப்பா ஒரு ஓரமா இருந்தா போதும்னு எழுதியிருந்தே. படிச்சுட்டு அழுதேன். அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, நாற்காலியை எடுத்துத் துடைச்சு வைக்கலாம்னு பின்னாடி கொடவுனுக்குப் போனேன். அங்க பார்த்தா ரெண்டு நாற்காலி இருக்கு.

உனக்கு இது தெரியாது, நீ வெளியூர் போன வருஷம் நடந்தது. உங்கப்பாவும் நானும் நாடகக்காரங்களுக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் சாமான் வாடகைக்கு விட்டுத்தான் உன்னை வளர்த்தோம், அவர் வண்டியில ஏத்தி இறக்குவார், நான் புதுசைப் பழசாக்குவேன். அந்த வருஷம் ஒரு நாடகக்காரர் வந்து, முன் ரூம்ல உங்கப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துட்டு இதுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னார். உங்கப்பா எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டார். சரின்னு நான் கடையில ஒரு மலிவு மரநாற்காலி வாங்கி, கார்பெண்டரை விட்டு அதே அளவுக்குச் சீவச் சொல்லி, உப்புத்தாள் போட்டு, டிகாஷன் அடிச்சு, சாவிக்கொத்தால தட்டித் தட்டி அடி வாங்க வச்சு, மூலை முடுக்குல ஷூ பாலிஷ் தேச்சு, அச்சு அசலா இன்னொண்ணு பண்ணிட்டேன். மாசாமாசம் அவருக்கு நான் தலைக்கு மை போடுவேனே, அது முதுகுப் பலகையில பட்டுக் கறுப்பா ஒரு திட்டு இருக்கும், அதைக்கூட விடலை. நாற்காலியோட வலது கைக்கு அடியில நீ காம்பஸால கிறுக்கி வச்ச பூனையையும் விடலை. உட்கார்ந்தா கிரீச்னு கத்தணும்னு ஒரு ஜாயிண்டைக்கூட லூஸ் பண்ணி வச்சேன். அன்னைக்கு அவ்வளவு பெருமை எனக்கு. இன்னைக்கு அந்தப் பெருமையே என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டிடுச்சு.

அவர் போனப்புறம் அந்தக் காலி நாற்காலியைத் தினமும் பார்க்க என்னால முடியலை. நான்தான் கொடவுன்ல கொண்டு போய் வச்சேன், துணி போட்டு மூடி, தனியா. போன மழைக்குக் கூரை ஷீட் மாத்த வந்தவங்க எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டு மறுபடி உள்ள அடுக்கினாங்க, துணி எங்கயோ போச்சு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இரட்டைப் பிள்ளை மாதிரி நிக்குது. எது அவரோடதுன்னு எனக்குத் தெரியலை, சிட்டு. முப்பது வருஷம் கூட இருந்தவ, அதைப் பண்ணினதும் நானே, எனக்கே தெரியலை. மோந்து பார்த்தேன், ரெண்டுலயும் கொடவுன் வாசனைதான். உட்கார்ந்து பார்த்தேன், ரெண்டும் கத்துது. மைத் திட்டைத் தடவினேன், பூனையைத் தடவினேன், ஒரு நாள் இதுங்கறேன், மறுநாள் அதுங்கறேன். உங்க அத்தையைக் கூப்பிட்டேன், கூடப் பிறந்தவளாச்சே கண்டுபிடிப்பாளேன்னு. ஒண்ணுல உட்கார்ந்து, இதுதான் எங்க அண்ணன் நாற்காலின்னு தேம்பித் தேம்பி அழுதா. காபி குடிச்சுட்டு வந்து மறதியில இன்னொண்ணுல உட்கார்ந்து அதே அழுகையை மறுபடி அழுதா. எனக்குச் சிரிப்பும் வந்துது, பயமும் வந்துது. நீ வேற போட்டோ அனுப்பு போட்டோ அனுப்புன்னு அரிச்சுக்கிட்டே இருக்கே. போட்டோவுல ஏமாத்தறதுதானே என் பிழைப்பு. ஏதோ ஒண்ணைக் கட்டி அனுப்பிட்டா உனக்கா தெரியப் போகுதுன்னு ஒரு மத்தியானம் முழுக்க யோசிச்சேன், மறைக்க மாட்டேன். ஆனா நீ அதுல சாஞ்சுக்கிட்டு அப்பான்னு நினைச்சுக்கிட்டு இருப்பே, அது நான் டிகாஷன் அடிச்ச கடை நாற்காலியா இருந்தா? சோறு இறங்கலை எனக்கு.

கடைசியில கார்பெண்டருக்கு ஆள் அனுப்பினேன், அவர் சீவினதாச்சே, அவருக்குத் தெரியாதா. வந்தார், ரெண்டையும் கவிழ்த்துப் போட்டார், பார்த்தார், காதுல இருந்த பென்சிலை எடுத்தார், திரும்பச் சொருகினார், தண்ணி கேட்டார். எதுய்யா அவரோடதுன்னு கேட்டா, இன்னொரு டம்ளர் தண்ணி கேக்கறார். நான் விடலை. அப்புறம்தான் மெதுவா, அக்கா, ரெண்டுமே அண்ணனோடதுதான், ரெண்டுமே இல்லவும் இல்லைன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விஷயம் என்னன்னா, நீ போன ரெண்டாவது வருஷம் நான் சித்தி வீட்டுல ஒரு வாரம் இருந்தேன் இல்லையா, அப்ப உங்கப்பா நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேட்காம, பல்பு மாத்த அந்த நாற்காலி மேல ஏறியிருக்கார். முன்னங்கால் பிளந்துடுச்சு. நான் வந்தா வீட்டை ரெண்டாக்கிடுவேன்னு பயந்து கார்பெண்டரைக் கூப்பிட்டிருக்கார். அந்த நாற்காலிக்கு முன்னங்காலும் கையும் ஒரே சட்டமாம், காலை மட்டும் தனியா எடுக்க முடியாதாம். அதனால நான் பண்ணின நாற்காலியில இருந்து கையும் காலுமா ரெண்டு பக்கச் சட்டத்தையும் கழட்டி உங்கப்பாவோட நாற்காலிக்குப் போட்டாங்களாம். அவரோட பழைய கையையும் காலையும், பிளந்த இடத்துல வெளிய தெரியாம உள்பக்கமா தகடு அடிச்சு, என்னோடதுல பொருத்தி வாடகை சாமானோட சாமானா நிறுத்திட்டாங்களாம். அக்கா கண்டுபிடிச்சா என்ன பண்றது அண்ணேன்னு கார்பெண்டர் கேட்டாராம். அதுக்கு உங்கப்பா சொன்னாராம்:

“எது எதுன்னு அவளுக்கே தெரியாதுடா. அவ்வளவு நல்லா பண்ணியிருக்கா.”

சிட்டு, முப்பது வருஷத்துல அந்த மனுஷன் என் வேலையை நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்கம்மா பொய்ப் பட்டறை வச்சிருக்கான்னு உன்கிட்ட கேலி பண்ணுவாரே தவிர, வேற ஒண்ணும் வாயில வராது. சொல்லியிருக்கார் பாரு, கார்பெண்டர்கிட்ட சொல்லியிருக்கார். கடைசி ரெண்டு வருஷம் டிவி பார்க்கும்போது அந்தக் கையைத் தடவித் தடவிச் சிரிச்சுக்குவார், என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பார். அது நான் உப்புத்தாள் போட்ட கைன்னு அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியலை. கோபப்படறதா, சந்தோஷப்படறதா, எனக்கு இப்பவும் பிடிபடலை. கார்பெண்டரைத் திட்டிட்டு, திட்டின கையோட காபியும் போட்டுக் கொடுத்தேன்.

நிற்க. உனக்கு எதை அனுப்பறதுன்னு மறுபடி ரெண்டு நாள் குழம்பினேன். பிரிச்சு மாத்தி ஒண்ணை முழுசா அவரோடதா ஆக்கித் தரேன்னு கார்பெண்டர் சொன்னார். வேண்டாம்னுட்டேன், அவர் பண்ணி வச்சதைக் கலைக்க எனக்கு மனசு வரலை. தகடு அடிச்சது உனக்கு. அதுல கைதான் பழசு, சின்ன வயசுல அவர் பேப்பர் படிக்கும்போது நீ ஏறி உட்கார்ந்து காலாட்டுவியே அந்தக் கை, பூனையும் நீ கிறுக்கினதேதான். முதுகு மட்டும் நான் பண்ணினது. அவர் முதுகு சாஞ்சது எனக்கு இருக்கட்டும், அந்த மைத் திட்டு என் கையால விழுந்தது. அதை முன் ரூம்ல பழைய இடத்துலயே கொண்டு வந்து போட்டுட்டேன், இந்த லெட்டரை அதுல உட்கார்ந்துதான் எழுதறேன். கத்துது. யாராவது கேட்டா உன்னோடதை அப்பா நாற்காலின்னே சொல்லு. அது பொய்யா நிஜமான்னு என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியலை.

பார்சல்காரங்க வியாழக்கிழமை வராங்க. வந்ததும் அதைத் தனியா மூலையில நிறுத்தி மேல விளக்கு போட்டு மியூசியம் ஆக்கிடாதே, நான் இத்தனை மேடை ஜோடிச்சவ சொல்றேன், பழசைத் தனியா வச்சா செத்துப் போயிடும். உன் ஷெல்ஃபை ஒட்டிப் போடு, மேல ஒரு துண்டு கிடக்கட்டும், மாப்பிள்ளை உட்கார்ந்து செருப்பு மாட்டட்டும். அந்தக் கட்டம் போட்ட சட்டைக்கு மூணாவது பட்டன் தொங்குது, போட்டோவுலயே தெரியுது, தைச்சுக்கோ.

நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, நினைச்சது நடந்து, ரொம்ப வருஷம் ஒண்ணா நல்லா இருக்கணும். லெட்டர் கிடைச்சதும் பேசு, என்னைத் திட்டறதா இருந்தாலும் பேசு. இன்னொண்ணு, மறந்துடாதே, அந்தத் தகடு உட்கார்றதுக்குத்தான் தாங்கும். பல்பு மாத்த அதுமேல ஏறாதே.

இப்படிக்கு,
பொய்ப் பட்டறைக்காரி,
உன் அம்மா