நூற்றுப்பத்து கிலோவுக்குள்

ஜனவரி 9

138.4. மெஷின் பொய் சொல்லாது. சொன்னாலும் இந்த அளவுக்குச் சொல்லாது.

தேதி குறித்தாகிவிட்டது, பிப்ரவரி 3. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்களாம். மிச்சம் ஒரு வாழைப்பழ அளவு என்று டாக்டர் விரலால் காட்டினார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். வெளியே வந்ததும் அந்த அளவை என் விரலாலும் ஒருமுறை காட்டிப் பார்த்துக்கொண்டேன்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருபது வருடம். அதில் கடைசி இரண்டு வருடம் ஃபோன் மேஜையில். நூற்றுப்பத்து கிலோவுக்கு மேல் இருப்பவன் லிஃப்ட் கூண்டின் கூரையில் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. பாதுகாப்பு பெல்ட் அவ்வளவுதான் தாங்கும், நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தக் கூரைமேல்தான் இருக்கிறது. "கொஞ்சம் பொறுங்க, ஆள் வந்துட்டே இருக்கு" என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே ரிட்டயர் ஆவதா?

ஜனவரி 14

மனைவி ஐந்து நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. இன்று வாயைத் திறந்தாள். "ஆபரேஷன் எதுக்கு? மாத்திரை போட்டுக்கிட்டே இருந்துட்டுப் போங்களேன். ஆளு இருந்தா போதும் எனக்கு."

"ஆளு இருந்தா போதும்னா? பீரோ மாதிரி ஓரமா நிக்கவா?"

கேட்டிருக்க வேண்டாம். எனக்கு நாக்கில் சனி.

ஜனவரி 20

இன்றிலிருந்து ஆபரேஷன்வரை சாப்பாடு எல்லாமே திரவமாகத்தான். கல்லீரல் சுருங்க வேண்டுமாம். இதுவரை சுருங்கியது என் பொறுமை.

ஜனவரி 28

இதை எழுதிவிட வேண்டும். ஆபரேஷன் மேஜைமேல் படுத்தவன் எழுந்திருக்காமலே போய்விட்டால்?

மூன்று வருடம் முன்பு, எங்கள் கட்டட லிஃப்ட். மகளும் அவள் தோழிகளும் ஏறினார்கள், கடைசியாக நான். அதிக எடை என்று மணி அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் தரையைப் பார்த்தாள். அன்று மாலையே மெஷின் ரூமுக்குப் போய், மணி அடிக்கிற அளவை அறுபது கிலோ உயர்த்தி வைத்தேன். எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாத வேலை. தினமும் குழந்தைகள் போய்வருகிற லிஃப்ட் அது.

ஒல்லிக்கு ஃபோன் செய்தேன். பதினாலு வருடம் என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவன். உடம்பு மட்டும் என்னில் பாதி. நடந்ததைச் சொல்லி, "உடனே போய்ச் சரி பண்ணுடா" என்றேன்.

"அதுவா. அடுத்த சர்வீஸ்லயே பார்த்துட்டேன்ணே. அப்பவே பழையபடி வெச்சாச்சு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"தப்புன்னு உங்களுக்குத் தெரியாததா. சொல்லி வேற நோகடிக்கணுமா?"

"அப்புறம் மணி அடிக்கவே இல்லையேடா."

"நீங்க எங்கண்ணே கூட்டத்தோட ஏறுறீங்க. எல்லாரையும் அனுப்பிட்டு தனியாதானே வர்றீங்க."

உண்மைதான். மூன்று வருடமாக லிஃப்ட் வாசலில் ஃபோனைப் பார்ப்பதுபோல் நின்று கூட்டத்தை முன்னால் அனுப்பிவிடுகிறேன். அதையும் கவனித்திருக்கிறான். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். அவமானமும் நன்றியும் சேர்ந்து வந்தால் வேறென்ன செய்ய?

பிப்ரவரி 2

ஆஸ்பத்திரி. கட்டில் அகலமாக இருக்கிறது, அது ஒரு நிம்மதி.

"பயமா இருக்காப்பா?" என்றாள் மகள். இல்லை என்றேன். "எனக்கு இருக்கு" என்றாள். பிறகு நானும் ஒத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மனைவி போர்வையைச் சரிசெய்தாள். "முழுசா திரும்பி வாங்க. மிச்ச சண்டையை வீட்ல வெச்சுப் போட்டுக்கலாம்." என் வயிற்றில் பால் வார்த்தாள்.

பிப்ரவரி 4

இருக்கிறேன்.

பிப்ரவரி 5

வெட்டிய இடத்தைவிடத் தோள்பட்டை வலிக்கிறது. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் நிரப்பிய காற்று அங்கே போய் நிற்குமாம். நர்ஸ் விடவில்லை. "படுத்துக்கிட்டே இருந்தா காத்து எப்படி சார் போகும்? எந்திரிங்க, அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டு வருவோம்." என் பாதி உயரம்கூட இல்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மருந்து மூடியில் தண்ணீர். கால் மணிக்கு ஒரு மூடி. மகள் ஃபோனில் மணி பார்த்துத் தருகிறாள்.

பிப்ரவரி 27

மசித்த முட்டை. ஒரு கரண்டி அவசரமாகப் போய்விட்டது, வாந்தி. நாற்பத்தாறு வயதில் சாப்பிடத் தெரியாதவன் ஆகிவிட்டேன். ஏன்டா இந்த வேலை பார்த்தோம்? பசி இல்லை, ஆனால் ஏக்கம் இருக்கிறதே, அதை எந்த டாக்டர் வெட்டி எடுப்பார்?

முகம் கழுவிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்து ஏங்கக் கூடாதென்று, வீடு திரும்பிய நாளிலிருந்தே இப்படித்தானாம்.

"நீ ஒளிஞ்சு நின்னு சாப்பிடறதுக்கா நான் வயித்தை வெட்டிக்கிட்டேன்? வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். என் நாலு கரண்டிக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அவள் தட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு, எழுந்து போகாமல், தன் ஆபீஸ் கதையெல்லாம் சொன்னாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் மேலதிகாரியின் பெயர் எனக்கு இன்றுதான் தெரிந்தது.

மே 16

113. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. திரும்ப வந்துவிடுமாம். வராவிட்டாலும் போகட்டும், மூன்று கிலோதான் பாக்கி.

ஜூன் 24

109.6. கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒல்லி பெல்ட்டை மாட்டிவிட்டு, வாரில் இரண்டு ஓட்டை மிச்சம் என்று காட்டினான். கூண்டின் கூரையில் நின்றேன். அதே கிரீஸ் வாசனை. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "லைட்டை இந்தப் பக்கம் காட்டு" என்றுதான் வாயில் வந்தது. காட்டினான்.

டிசம்பர் 11

90.3. தலைக்கு மேல் வேலை, டைரியைத் தொட்டே இரண்டு மாதம் ஆகிறது. இன்று ஒன்றை மட்டும் எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒருவர். நான் கூரைமேல், ஒல்லி ஐந்தாம் மாடிக் கதவருகே. கீழேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "சார், என்னாலதான் நின்னுடுச்சா? நான் கொஞ்சம் வெயிட் அதிகம்."

"கதவு ஸ்விட்ச் போயிருக்கு சார். உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

ஐந்தாம் மாடிக்கு ஏற்றிக் கதவைத் திறந்தோம். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். நல்ல பருமன். சட்டை நனைந்திருந்தது. நான் இறங்கி வரும்வரை காத்திருந்து, மறுபடியும் அதையே கேட்டார். "நிஜமாவே என்னால இல்லையே?"

"நூத்தி முப்பத்தெட்டு கிலோ இருந்தேன் சார் நான். எத்தனையோ லிஃப்ட்ல ஏறியிருக்கேன். ஒண்ணுகூட நின்னதில்லை."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"என் ஆறுதலுக்காகச் சொல்றீங்க" என்றார். "இருந்தாலும் தேங்க்ஸ் சார்."