ஆச்சி குளித்து முடிக்கும் வரை

20-7-1963, சனி

இன்று குற்றாலத்தில் நான் செய்ததை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அருவியில் சுகமாக நனைந்துகொண்டிருந்தேன். வடகரைப் பண்ணைவீட்டு ஆச்சி எண்ணெய்க் கிண்ணத்தோடு பாறையில் மெல்ல நடந்து வந்தாள். பார்த்ததும் என் கால் தானாக விலகிவிட்டது. என் அம்மா அந்தப் பண்ணைவீட்டு வயலில் நடவு நட்டவள். நானோ இப்போது சர்க்கார் சம்பளம் வாங்கும் டீச்சர்.

"ஏட்டி, ஏன் விலகுத? எடம் கெடக்குல்லா, நீயும் நில்லு," என்றாள் ஆச்சி.

"இருக்கட்டும் ஆச்சி. நீங்க மொதல்ல குளிங்க."

அவள் குளித்து முடிக்கும் வரை சாரலில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

சின்ன வயதில் இதே இடத்தில் அம்மாவும் நானும் ஆச்சியின் மாற்றுச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவள் குளித்து வந்த பிறகுதான் எங்களுக்கு அருவி. மிச்ச எண்ணெயை என் உள்ளங்கையில் ஊற்றுவாள். பண்ணைவீட்டு எண்ணெய் என்று மறுநாள் வகுப்பில் தலையைக் காட்டிப் பெருமையடிப்பேன். யாரும் எங்களை மிரட்டியதாக நினைவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! அதுதான் உறுத்துகிறது.

கிளம்பும்போது ஆச்சி இன்றும் கிண்ணத்தைச் சாய்த்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அதே வாசனை. போய்ச்சேர்ந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

இப்போது சோப்புப் போட்டுக் கையைக் கழுவலாம் என்று எழுந்தேன். மனம் வரவில்லை. இந்தத் தாளிலும் எண்ணெய் பட்டுவிட்டது.